பிரித்து விற்றலும் சேர்த்து அளித்தலும்

இசையமைக்கும் கணினி மென்பொருளை உறுப்புறுப்பாய் விற்பதா, முழுமையாய் அளிப்பதா என்னும் வினாவுக்கு, ஜேர்மனியில் பிறந்த ‘லொஜிக்’கின் வரலாறு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

எமாஜிக் நிறுவனத்தார் அதனை விற்ற காலத்தில் அடிப்படை மென்பொருளுக்கு ஒரு விலை. மின்பியானோ முதலிய கணினிக் கருவிகளுக்குத் தனித்தனி விலை. வேண்டியதை மட்டும் வாங்கலாம் என்பது இம்முறையின் நன்மை. ஆயின், ஒருவர் ஆக்கிய இசையை அக்கருவியை வாங்காத நண்பர் திறந்தால், அப்பகுதி ஊமையாகிவிடும்.

2002ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனம் எமாஜிக்கை விலைக்கு வாங்கியது. 2004இல் வெளிவந்த லொஜிக் புரோ 6, முன்னர் தனித்தனியே விற்கப்பட்ட 20க்கு மேற்பட்ட பொருள்களை ஒருங்கே தந்தது. 2011இல் லொஜிக் புரோவின் விலை 199.99 டொலராகக் குறைந்தது.

இது வள்ளன்மை மட்டுமன்று. அப்பிள், கணினி விற்கும் நிறுவனம். லொஜிக்கின் விண்டோஸ் பதிப்பு 2002இலேயே நிறுத்தப்பட்டது. அதனைப் பணங்கொடுத்து வாங்கியிருந்தோர், புதிய பதிப்பு வேண்டின் கணினியையே மாற்ற வேண்டியவராயினர்.

பிரித்து விற்போர் கேட்கும் விலை கண்முன் நிற்பது. சேர்த்து அளிப்போர் அவ்விலையை எங்கே வைத்துள்ளனர் என்பதை, வாங்குவோரே ஆராய்ந்தறிதல் வேண்டும்.