ஜார்ஜ் டவுன்: கட்டடங்களும் வலையமைப்புகளும்

பினாங்குத் தீவின் வடகிழக்கு முனையில் அமைந்த ஜார்ஜ் டவுன், 1786-இல் பிரான்சிஸ் லைட் நிறுவிய துறைமுக நகரம். 2008 ஜூலை 7 அன்று மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. தந்தி முதல் கைப்பேசிச் செயலி வரை, தொலைவை இணைக்கும் தொழில்நுட்பங்கள் இந்நகரின் கட்டடச் சூழலை எவ்வாறு மாற்றின என்பதே இக்கட்டுரையின் பொருள். இந்த இரு நூற்றாண்டு வரலாறு ஓர் உண்மையைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது: வலையமைப்பு முதலில் மாற்றுவது கட்டடத்தின் பயனை. சுவரும் கூரையும் பிறகுதான் மாறுகின்றன. சில வேளைகளில் மாறாமலே நிற்கின்றன. ஆகவே ஒரு நகரத்தின் நலத்தை அதன் முகப்புகளை மட்டும் பார்த்து அளக்க முடியாது.

கடைவீடும் கிட்டங்கியும்

ஜார்ஜ் டவுனின் அடிப்படை அலகு கடைவீடு. கீழே கடை, மேலே குடித்தனம். தெருப்பக்கம் அகலம் குறைவு, உள்ளே நீளம் அதிகம். நடுவில் வானம் பார்த்த முற்றம் வெளிச்சத்தையும் காற்றையும் மழையையும் வீட்டுக்குள் இறக்குகிறது. முன்னால் மலாய் மொழியில் ‘காக்கி லீமா’ எனப்படும் ஐந்தடி நடைவழி. சிங்கப்பூருக்காக 1822-இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் இடம்பெற்ற இந்நடைவழி விதி, மற்ற நீரிணைக் குடியேற்ற நகரங்களுக்கும் பரவியது. பினாங்குத் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இதே வடிவத்தில் இருந்துகொண்டே வேறொரு தேவைக்கு உழைத்தன. நீண்ட கூடத்தில் வரிசையாகப் பெட்டியடிகள். ஒவ்வொரு பெட்டியடியும் ஒரு தனித் தொழில். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். ஏஜெண்டு இங்கே தங்கிக் கொடுக்கல் வாங்கலைப் பார்ப்பார். கணக்கும் கடிதமும் உண்டியலும் கடல் தாண்டிப் போய்வரும். தொலைதூரத் தொடர்பு ஒன்றுக்காகக் கட்டடம் பயன் மாறியதற்கு இது பழைய சான்று.

தந்தியும் தொழிற்சாலையும்

1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. அடுத்த ஆண்டே சென்னையிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டது. கப்பலுக்காக வாரக்கணக்கில் காத்திருந்த வெள்ளீய விலையும் மிளகு விலையும் விரைவாகக் கைக்கு வந்தன. நீராவிக் கப்பலும் வெள்ளீய வணிகமும் தந்தியும் சேர்ந்து கடற்கரைத் தெருவை வங்கிகளும் கப்பல் முகவர் அலுவலகங்களும் நிறைந்த வீதியாக்கின. 1880-களில் கடலைத் தூர்த்து வெல்ட் குவே எழுந்தது. தொழிலும் குடும்பமும் ஒரே கூரையின் கீழ் இருந்த நகரத்தில், யாரும் குடியிராத வணிக மாளிகைகள் தனி வரிசையாக நின்றன. 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வலயம் தொடங்கியபோது மாற்றம் தெற்கே நகர்ந்தது. இன்டெல் போன்ற நிறுவனங்களின் தொழிற்சாலைகள் வந்தன. அருகே பாயான் பாரு புதுநகரம் உருவானது. உலகின் கணினிகளுக்குச் சில்லு செய்யும் தீவாகப் பினாங்கு மாறியபோது, வாழ்விடத்தின் ஈர்ப்பு மையமும் பழைய நகரத்தைவிட்டு விலகத் தொடங்கியது.

செயலியும் வாடகையும்

1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு நீங்கியது. குறைந்த வாடகையில் பல தலைமுறை வாழ்ந்த குடும்பங்கள் வெளியேறின. 2012-இல் ஆர்மேனியன் தெருச் சுவர் ஒன்றில் ஓவியர் எர்னெஸ்ட் சகாரெவிச் இரண்டு குழந்தைகளை வரைந்தார். அவர்கள் ஓட்டும் மிதிவண்டி மட்டும் சுவரில் பொருத்திய உண்மையான வண்டி. பின்சீட்டில் தொற்றிக்கொண்டு படமெடுக்க வரிசை நிற்கிறது. அந்தப் படம் கைப்பேசி வழியே அடுத்தவரை அழைத்து வருகிறது. சுவரில் ஒரு செங்கல்லும் பெயரவில்லை. ஆனால் தெருவின் பயன் மாறிவிட்டது. குறுகியகால வாடகைத் தளங்கள் இதையே வீட்டுக்குள் கொண்டுபோயின: மரக்கதவும் முற்றமும் அப்படியே இருக்க, சாவி இருந்த இடத்தில் எண் பூட்டு வருகிறது, குடித்தனம் இருந்த மாடியில் இரவுக்கு இரவு விருந்தினர் மாறுகின்றனர். உயரம், கூரை, முகப்பு, நிலப்பயன் ஆகியவற்றை 2016-இல் அரசிதழில் வந்த சிறப்புப் பகுதித் திட்டம் ஒழுங்குபடுத்துகிறது. எனினும் ஒரு குடும்பம் அங்கே தொடர்ந்து வாழ வேண்டும் என்று எந்தத் திட்டமும் ஆணையிட முடியாது. அடுக்குமாடிகளில் குறுகியகால வாடகையை நிர்வாகக் கூட்டமைப்பு தடுக்கலாம் என்று மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. கடைவீட்டு வரிசைக்கு அப்படியொரு கூட்டமைப்பே கிடையாது.

மறுப்புகள்

இக்கருத்துக்கு மூன்று மறுப்புகள் எழலாம். குடிகள் வெளியேறியதற்கு வாடகைச் சட்டம் நீங்கியதே காரணம், செயலி காரணமில்லை என்பது முதலாவது. அதில் உண்மை உண்டு. வெளியேற்றத்தைத் தொடங்கியது சட்டம்தான். ஆனால் காலியான வீட்டை அயலூர்க்காரர் ஒருவர் ஒரு நொடியில் அமர்த்திக்கொள்ளும் வசதியாக்கி, குடும்பம் தரும் வாடகையோடு போட்டிக்கு விட்டது வலையமைப்பு. விருந்தினர் பணமே பழைய கூரைகளைச் செப்பனிடுகிறது, இல்லாவிட்டால் அவை இடிந்து விழும் என்பது இரண்டாவது. இதுவும் மெய்யே, ஆயினும் ஆளில்லாத நகரம் பாதுகாக்கப்பட்ட நகரமாகாது. உணர்விகளும் செயலிகளும் நகரத்தைத் திறம்பட நடத்தும் என்பது மூன்றாவது. வாகன நிறுத்தக் கட்டணத்தைக் கைப்பேசியில் செலுத்துவது பயனுள்ள வசதிதான். ஆனால் கட்டடத்தின் அறிவு கருவியில் மட்டும் இருப்பதில்லை. பினாங்கில் பிறந்த கட்டடக் கலைஞர் கென் யாங் வடிவமைத்து 1998-இல் முடிந்த மெனாரா அம்னோ, பக்கவாட்டுச் சிறகுச் சுவர்களால் காற்றை உள்ளே திருப்புகிறது. கடைவீட்டு முற்றம் அதே பாடத்தை அதற்கும் முன்பே சொன்னது. காற்று எந்தப் பக்கம் வரும் என்பதும் அங்கே வாழ்வோர் யார் என்பதும் தெரிந்த வடிவமைப்பில்தான் கருவி உதவும்.

மதிப்பீடு

உரிமையாளர் தொலைவில் இருப்பது ஜார்ஜ் டவுனுக்குப் புதிதன்று. கிட்டங்கியின் முதலாளியும் கடலுக்கு அப்பால்தான் இருந்தார். வேறுபாடு ஒன்றே. அவருடைய ஏஜெண்டு இங்கே உண்டார், உறங்கினார், கோவில் கட்டினார். செட்டியார்கள் 1894-இல் வரவழைத்த வெள்ளித் தேர் இன்றும் தைப்பூசத்துக்கு முந்தைய நாள் பினாங்குத் தெருக் கோவில் வீட்டிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலைக்குப் போகிறது. பணத்தோடு மனிதரையும் கொண்டுவந்து தெருவில் குடிவைத்த வலையமைப்பு அது. இன்று சென்னையையும் பினாங்கையும் மீண்டும் ஒரு கடலடிக் கம்பி இணைக்கிறது, இம்முறை ஒளியிழை. அதன் வழியே வரும் தொழில்நுட்பத்தையும் அதே அளவுகோலால் அளக்க வேண்டும்: தேர் வரும் இரவில் மாடிச் சன்னலைத் திறந்து பார்க்க அந்தத் தெருவில் குடித்தனக்காரர் இருக்கிறார்களா?