தெருவமைத்தோரும் வண்டியுடையோரும்

மாத்தளை மாவட்டத்தின் சமூக வரலாற்றை எழுதப் புகுவோர் தெருக்களிலிருந்தே தொடங்குதல் வேண்டும். 1848 ஆம் ஆண்டு தொரிங்டன் தேசாதிபதியின் ஆட்சி, 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் ஆண்டுதோறும் ஆறு நாட்கள் தெருவேலை செய்ய வேண்டும், அன்றேல் மூன்று சிலிங் செலுத்த வேண்டும் என்று சட்டம் விதித்தது. அத்தெருக்களால் பெரும்பயன் கண்டவர்கள் கோப்பித் தோட்டத் துரைமாரே. துப்பாக்கிக்கும் நாய்க்கும் விதித்த வரிகளோடு இச்சட்டமும் சேர்ந்தே குடியானவனைக் கிளர்ந்தெழச் செய்தது. அவ்வாண்டு யூலை இறுதியிலே மக்கள் மாத்தளையைக் கைப்பற்றினர். ஆகஸ்ட் 8 ஆம் நாள் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையிலிறங்கி, காடுகளூடே தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்து, சுமார் 150 மைல் நடந்தே மாத்தளையை அடைந்தனர். பசிக்கும் வாந்திபேதிக்கும் வழியிலே மடிந்தோர் பலர். 1880 இல் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. கோப்பியை ஏற்றவென்றே போட்ட பாதை அது. கோப்பியோ அப்போது இலைநோயால் அழிந்துகொண்டிருந்தது!

1958 சனவரி முதலாந் திகதி பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டன. இலாபம் தராத கிராமத்துக்கும் பஸ் போகவேண்டும் என்ற கொள்கை அன்று அரசின் கொள்கையாயிற்று. இதன் முற்போக்குத் தன்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது. எனினும் பஸ் பெருந்தெருவோடு நின்றது. லயங்களுக்கு ஏறிச் செல்லும் தெரு தோட்டத்தின் தனிச்சொத்து. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. 2018 இலேதான் அது திருத்தப்பட்டது. இரத்தோட்டைக்கு மேலே கம்மடுவைப் பக்கத்து மலைத்தோட்டங்களில் நள்ளிரவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வேதனை கண்டால், மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போக இருந்த வழிகள் இரண்டே: கொழுந்து ஏற்றும் லொறி, அன்றேல் கேட்ட கூலியைக் கொடுத்து வாடகை வண்டி. லொறிக்குத் துரையின் அனுமதி வேண்டும். வாடகை வண்டிக்குக் கடன் வேண்டும்.

இவ்விடத்தில் 1948 ஆம் ஆண்டை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். இலங்கையின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளரை நாடற்றவராக்கிய ஆண்டு அது. அதே ஆண்டில், சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில், வீடமைப்புக் கூட்டுறவொன்றைச் சேர்ந்த சிலர் ஒரு மோட்டார் வண்டிக் கூட்டுறவைத் தொடங்கினர். தனித்தனியே கார் வாங்க அவர்களுக்கு வசதியில்லை, சேர்ந்து வாங்கினார்கள். சுற்றாடல் பற்றிய பேச்சு அன்று எழவில்லை. கையில் காசின்மையே அந்தக் கூட்டுறவின் தாய். அது 1998 வரை நிலைத்தது. 1987 இல் அந்நாட்டில் தோன்றிய வேறிரு கூட்டுறவுகள் 1997 இல் ஒன்றிணைந்தன. அவ்வமைப்பிடம் இன்று ஏறத்தாழ 3,000 வண்டிகள் உள்ளன.

இத்தகைய கூட்டுறவின் கணக்கு எளியது. அங்கத்தவர் பங்குப்பணம் செலுத்துவர். அதனைக்கொண்டு வண்டி வாங்கப்படும். பின்னர் எடுத்த மணித்தியாலத்துக்கும் ஓடிய தூரத்துக்கும் மட்டும் கட்டணம். அக்கட்டணத்துள் எரிபொருளோடு காப்புறுதியும், ரயரும், வண்டி பழுதாய்க் கழியும்போது வேறொன்று வாங்கும் தேய்மான நிதியும் அடங்கும். பெரும்பாலோர் பிழைவிடுவது இக்கடைசி இனத்திலேதான்: முதல் இரண்டாண்டுகள் வண்டி மலிவாக ஓடுவதுபோலத் தோன்றும், மூன்றாமாண்டு பெட்டி வெறுமையாகும். அளவும் முக்கியம். அம்ஸ்ரடாமில் 1974 இல் மின்சாரத்தால் ஓடும் சிறு முச்சக்கர வண்டிகளுடன் ஒரு கூட்டுறவு தோன்றியது. எண்ணிய அளவு நிலையங்களை அமைக்க இயலாமற் போகவே, 1986 இல் அது முடிந்தது.

எமக்கோ கூட்டுறவு புதிதன்று. 1911 இலேயே கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. 1957 இல் பிலிப் குணவர்தன அமைச்சராயிருந்தபோது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. சங்கக்கடையை அறியாத ஊரில்லை. ஆயின் மேலிருந்து கொடுக்கப்படும் உடைமை வேறு, கீழிருந்து சேர்க்கப்படும் உடைமை வேறு. 1991 இல் பஸ் டிப்போக்கள் கம்பனிகளாக்கப்பட்டு ஊழியருக்குப் பங்குகள் இலவசமாக வழங்கப்பட்டன; 'மக்கள்மயம்' என்று பெயருஞ் சூட்டினர். பங்குப் பத்திரம் கைக்கு வந்தது, நிர்வாகம் வரவில்லை. 2005 இல் மீண்டும் அரச போக்குவரத்துச் சபையையே அமைக்க வேண்டியதாயிற்று.

சூரிச்சின் முறையை மாத்தளையில் அப்படியே நடுதல் பொருந்தாது. அங்கே அங்கத்தவரே வண்டியோட்டுவர். லயங்களில் சாரதி அனுமதிப்பத்திரம் உடையோர் சிலரே. ஆகவே சம்பளம் பெறும் சாரதிகள் இருவரேனும் வேண்டும். இரவு முறையும் வேண்டும். தனியார் பாவனைக்கென எடுத்த காப்புறுதி கூலிக்கு ஓடும் வண்டிக்கு உதவாது. திறப்பும் குறிப்புப் புத்தகமும் தோட்ட அலுவலகத்தில் அல்லாமல் அங்கத்தவர் கையிலே இருத்தல் வேண்டும். வண்டியின் விலையோ சிறிதன்று: 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வண்டிகளுக்கு 2025 இலேதான் மீண்டுந் திறந்தது, இடையில் பழைய வண்டிகளும் எட்டாத விலைக்கு ஏறின. அரசோ பிரதேச சபையோ முதலில் ஒரு பங்கு தாராவிடின், நாட்சம்பளக்காரரின் பங்குப்பணம் மட்டும் போதாது.

எரிபொருட் பங்கீட்டின் அனுபவமும் உண்டு. 2022 யூலையில் பங்கீடு வந்தபோது காருக்கும் வானுக்கும் வாரத்துக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என்று அளந்தனர். அளவுகோல் வண்டியே, அதில் ஏறுவோரின் தொகை கணக்கிலில்லை. கணவன் பெயரில் ஒன்றும் மனைவி பெயரில் ஒன்றுமாக இரு கார்கள் உடைய வீட்டுக்கு 40 லீற்றர். நாற்பது குடும்பங்கள் கூடி ஒரு வான் வைத்திருந்தால், அந்த நாற்பது குடும்பங்களுக்கும் 20 லீற்றரே கிடைத்திருக்கும்.