பெட்டிக்குள்ள இருந்த லினக்ஸ்

எங்கட போர்டிங் வீட்டில ஆறு பேர், ஒரு ரவுட்டர். இரவு எட்டு மணிக்குப் பிறகு ஒருத்தர் படம் டவுன்லோட் பண்ணத் தொடங்கினால் மற்ற ஐந்து பேருக்கும் இன்டர்நெட் இல்லை. வேகத்தை எல்லாருக்கும் சமமாகப் பிரிக்க முடியுமா என்று பார்த்தோம். அந்த செட்டிங்ஸ் பக்கம் பூட்டியிருந்தது. பாஸ்வேர்ட் எங்களிட்ட இல்லை. மாதா மாதம் காசு கட்டுவது மட்டும் நாங்கள்.

கடையில விற்கிற ரவுட்டர் இன்னொன்று வாங்குவதா, இல்லாட்டி பழைய பெட்டி ஒன்றில் திறந்த மூல மென்பொருளைப் போட்டு நாங்களே கட்டுவதா என்று இரண்டு கிழமை வாதாடினோம். நாங்கள் கலைப்பீடம். தொழில்நுட்பம் பெரிதாகத் தெரியாது. அதனால் எங்களுக்குத் தெரிந்த வழியில், வரலாற்றில் போய்த் தேடினோம்.

தேடினால், கடை ரவுட்டரின் மூதாதையே வளாகத்தில் கட்டிய ஒரு பெட்டிதான். 1980களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வில்லியம் யேகர் என்ற பொறியியலாளர், அங்கிருந்த வெவ்வேறு வலையமைப்புகளை இணைக்க மென்பொருள் எழுதினார். அது ஓடிய பெட்டிகளை ‘நீலப் பெட்டி’ என்று அழைத்தார்கள். அங்கு வேலை செய்த லென் பொசாக்கும் சான்டி லேர்னரும் 1984இல் சிஸ்கோ கொம்பனியைத் தொடங்கினார்கள். அவர்களின் ரவுட்டருக்கு அடித்தளம் அந்த வளாக மென்பொருள். பல்கலைக்கழகம் அதற்கு முறையாக அனுமதி கொடுத்தது 1987இல். வளாகத்தின் தேவைக்குக் கட்டியது விற்பனைப் பண்டமாகியது.

பிறகு அதே கதை தலைகீழாக நடந்தது. 2002 கடைசியில் லிங்க்சிஸ் கொம்பனி டபிள்யூஆர்டி54ஜி என்ற வீட்டு ரவுட்டரை விற்பனைக்கு விட்டது. அடுத்த வருசம் சிஸ்கோ லிங்க்சிஸை வாங்கியது. அதே 2003இல், அந்தப் பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ் என்று லினக்ஸ் ஆக்கள் கண்டுபிடித்துக் கேள்வி கேட்டார்கள். லினக்ஸ் வருவது ஜிபிஎல் என்ற உரிமத்தின் கீழ். அதை எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். ஆனால் விற்றால், வாங்கியவருக்கு மூலநிரலையும் கொடுக்க வேண்டும். லிங்க்சிஸ் அதைக் கொடுக்காமல் விற்றிருந்தது. கேள்விகள் கூடிய பிறகு நிரலை வெளியிட்டது. அதை வைத்து 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி தொடங்கியது. அந்த மலிவுப் பெட்டி, கொம்பனி நினைத்தே பார்க்காத வேலைகளைச் செய்யத் தொடங்கியது.

பேர்லினைப் பாருங்கள். ஜேர்மனி ஒன்றிணைந்த பிறகு நகரத்தின் கிழக்கில் சில பகுதிகளுக்குப் புதிய கண்ணாடி இழைக் கம்பிகள் போட்டார்கள். பிறகு வந்த டிஎஸ்எல் இணைப்பு செப்புக் கம்பியில்தான் ஓடும். புதுக் கம்பி கிடைத்த சனத்துக்கே வேக இன்டர்நெட் கிடைக்கவில்லை. ஃப்ரைஃபுங்க் என்ற குழு, இந்த லிங்க்சிஸ் பெட்டிகளில் தங்கட மென்பொருளைப் போட்டுக் கூரைகளில் வைத்தது. ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரைக்கு என்று அயலவர்கள் இணைப்பைப் பகிர்ந்தார்கள்.

கொம்பனி சும்மா இருக்கவில்லை. 2005இல் வந்த ஐந்தாம் பதிப்பில் லினக்ஸை எடுத்துவிட்டு வேறு மென்பொருளைப் போட்டது, நினைவகத்தையும் பாதியாக்கியது. லினக்ஸ் வேண்டுமென்றவர்களுக்கு டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனி மாடல் வந்தது. பூட்டு முழுக்க விழவில்லை. ஆனால் திறப்பு வேண்டுமென்றால் தனியாகத் தேடி வாங்க வேண்டியிருந்தது. 2008இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சிஸ்கோ மீது, உரிமத்தை மதிக்கவில்லை என்று வழக்குப் போட்டது. 2009இல் இணக்கத்தில் முடிந்தது.

இதை வாசித்த பிறகு எங்கட வாதம் மாறிப்போனது. ‘கடைப் பெட்டியா, கையால் கட்டியதா’ என்பது அரைக் கேள்விதான். லிங்க்சிஸ் பெட்டியும் கடையில் வாங்கியதுதான். வாங்கிய பிறகு அதைத் திறக்க வாங்கியவருக்கு உரிமை இருக்கிறதா என்பதே மிச்சக் கேள்வி.

அதே நேரம், நாங்களே கட்டினால் எல்லாம் சரி என்று சொல்லவும் ஏலாது. கடைப் பெட்டி பெரும்பாலும் செருகினதும் ஓடும், உத்தரவாதம் இருக்கும். மென்பொருளைப் பிழையாகப் போட்டால் பெட்டி செங்கல்லாகிவிடும். பழைய கொம்பியூட்டரை ரவுட்டராக்கினால் நாள் முழுக்கக் கரண்ட் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, திறந்த மூலப் பெட்டிக்கு ஒரு காவல்காரர் வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்போது யாராவது போட வேண்டும். ஓப்பன்டபிள்யூஆர்டியைத் தாங்கி நிற்பதே இப்படி நேரம் கொடுக்கிற ஆக்கள்தான்.

கடைசியில், ஓப்பன்டபிள்யூஆர்டியின் ஆதரவுப் பட்டியலில் இருக்கிற ஒரு பாவித்த ரவுட்டரை ஆறு பேரும் காசு சேர்த்து வாங்கினோம். பூட்டிய பெட்டிக்குப் பின்னால் அதை இணைத்து, எல்லாரும் அதில் மட்டும் பாவிக்கிறோம். இப்ப ஒருத்தர் படம் இறக்கினாலும் மற்றவர் வகுப்புக் குறிப்பைத் திறக்கலாம்.

பாஸ்வேர்டையும் திருத்தம் போடும் முறையையும் ஒரு சிஆர் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம். இறுதி வருசம் முடிந்து நாங்கள் போகும்போது, பெட்டியோட அந்தக் கொப்பியையும் ஜூனியர்களிடம் கொடுக்க வேண்டும். இல்லாட்டி அவர்களுக்கு அது இன்னொரு பூட்டிய பெட்டிதான்.