துருவும் நெல்லிக்காயும்



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் பராமரிப்பு இன்ஜினியராக இருக்கிறேன். இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்தால் துரு. பர்னஸில் காய்ந்த பில்லட் மேல் படிந்தால் ஸ்கேல். இதே ஆக்சிஜனேற்றம் நம் உடம்பையும் அரிக்கும். அதைத் தடுக்க மருத்துவம் எடுத்த முயற்சியின் வரலாற்றை மலருக்காகச் சுருக்கித் தருகிறேன்.

புகுந்த கிருமியை எதிர்க்கும் வேகத்தில் உடம்பு தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்வதுதான் செப்சிஸ். ‘ரத்தத்துல விஷம் ஏறிடுச்சு’ன்னு நம்ம ஊரில் சொல்வாங்க. 2017-ல் மட்டும் உலகில் சுமார் 1 கோடியே 10 லட்சம் பேர் இதனால் இறந்ததாக மதிப்பீடு.

1969-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும், ‘சூப்பர் ஆக்ஸைடு’ என்ற வீரியமிக்க ஆக்சிஜன் வடிவத்தை அடக்கும் நொதி நம் ரத்தத்திலேயே இருப்பதைக் காட்டினார்கள். 1973-ல் பாபியர் குழு, வெள்ளணுக்களே அந்தச் சூப்பர் ஆக்ஸைடை உற்பத்தி செய்வதைக் கண்டது. கிருமியைக் கொல்ல அது ஆயுதம். செப்சிஸில் அளவு மீறி, ரத்தக்குழாய்ச் சுவரையும் செல்களையும் தாக்குகிறது.

அப்படின்னா ஆக்சிஜனேற்றத் தடுப்பான் கொடுத்தால் சரியாகிவிடுமே? எல்லோர் கண்ணும் வைட்டமின் சி மேல் விழுந்தது. 1928-ல் அதைப் பிரித்தெடுத்த சென்ட்-ஜியார்ஜி 1937-ல் நோபல் பரிசு பெற்றார். இதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. குன்னூரில் 1918-ல் மெக்கரிசன் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்வு 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறும்வரை அங்கேயே நடந்தது. நம்ம நெல்லிக்காயில் இந்த வைட்டமின் ஏராளம். 1939-40 ஹிசார் பஞ்சத்தில் ஸ்கர்வி நோயாளிகளை அது குணப்படுத்தியது.

செப்சிஸ் நோயாளிகளின் ரத்தத்தில் வைட்டமின் சி குறைந்திருப்பதும் தெரிந்தது. 2017-ல் அமெரிக்க மருத்துவர் மாரிக் வைட்டமின் சி, தயமின், ஹைட்ரோகார்ட்டிசோன் மூன்றையும் சேர்த்து 47 பேருக்குக் கொடுத்தார். 4 பேர்தான் இறந்தார்கள். அதற்கு முந்தைய மாதங்களில் வந்த 47 பேரில் 19 பேர் இறந்திருந்தார்கள். உலகமே பரபரப்பானது.

ஆனால் முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டால் போதுமா? மில்லில் ஒரு ஆயிலை மாற்றிய மாதம் பழுது குறைந்தால், காரணம் ஆயில்தான்னு உடனே சொல்லிவிட முடியாது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதிக்க வேண்டும். 2020-ல் 216 பேரிடம் அப்படிச் சோதித்தபோது பலன் தெரியவில்லை. 2022-ல் சுமார் 870 பேரிடம் நடந்த சோதனையில், 28-ம் நாளில் இறந்தவர்களும் உறுப்புப் பாதிப்பு நீடித்தவர்களும் வைட்டமின் சி பெற்றவர்களில் 44.5 சதவீதம், பெறாதவர்களில் 38.5 சதவீதம்! சர்வதேச செப்சிஸ் வழிகாட்டி 2021-லேயே இதை வேண்டாம் என்று சொல்லியிருந்தது. ஏன் பலிக்கவில்லை என்பதில் இன்னும் விவாதம் நடக்கிறது. உடம்புக்கு அந்த ஆயுதமும் வேண்டியிருக்கிறது என்பது ஒரு விளக்கம்.

நம்ம தொழிற்பேட்டையில் தகடு கிழித்த காலோடு, கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டு அடுத்த ஷிப்டுக்கு வருகிறவர்கள் அதிகம். காயத்தோடு குளிர்க்காய்ச்சல், மூச்சிரைப்பு, தடுமாற்றப் பேச்சு, சிறுநீர் குறைவு வந்தால் 108-ஐ அழையுங்கள். செப்சிஸ் அதிர்ச்சி நிலைக்குப் போனவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்கிறது அதே வழிகாட்டி.

நெல்லிக்காய் தாராளமாகச் சாப்பிடுங்கள், நல்லது. ஆனால் சீழ் பிடித்த காயத்தைக் காட்ட ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். நாளை தொழிற்சாலைகளில் சூப்பர்வைசராகப் போகும் தம்பி, தங்கைகள் இதை உங்கள் ஆட்களிடமும் சொல்லுங்கள்.