நாயும் நடையும்

‘நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை’ என்று ஒரு பழமொழி உண்டு. இதை முதலில் சொன்னவர் யாரோ, அவர் கட்டிப் போட்ட நாயைப் பார்த்தவராக இருக்க முடியாது. கட்டிப் போட்ட நாய்க்கு நிற்க நேரம் நிறைய இருக்கிறது. நிற்பதுதான் அதன் வேலை. காலையில் எஜமானன் ஆபீசுக்குப் போகும்போது நிற்கிறது. சாயங்காலம் திரும்பி வரும்போதும் அதே இடத்தில் நிற்கிறது. நடுவே யாராவது ஒருவர் வந்து சங்கிலியை அவிழ்த்து அரை மணி நேரம் வெளியே கூட்டிப் போனால் அதுதான் அதன் பாக்கியம். அந்த ‘யாராவது ஒருவர்’ சம்பளம் வாங்கிக்கொண்டு அதைச் செய்கிறவராக இருப்பதும் உண்டு. நாய்க்கு நடை பழக்குவது ஒரு பிழைப்பா என்று சிரிக்கிறவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். அதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது.

எங்கள் காவேரிக் கரைச் சீமையில் எனக்குத் தெரிந்து மிகப் பழைய நாய் காவிரிப்பூம்பட்டினத்து நாய்தான். கரிகாலனைப் பாட வந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் அந்தத் துறைமுகத்தின் பண்டகசாலை முற்றத்தைக் காட்டுகிறார். புலி முத்திரை குத்திய மூட்டைகள் மலைபோலக் குவிந்து கிடக்கின்றன. அந்தக் குவியலின் மேல் கூரிய நகமும் வளைந்த காலும் கொண்ட ஆண் நாய்கள் ஆட்டுக் கிடாய்களோடு சேர்ந்து துள்ளி விளையாடுகின்றன. மலைச் சரிவில் வரையாடு குதிப்பதைப் போல இருக்கிறதாம். சுங்க அதிகாரிகள் கண் கொட்டாமல் காவல் இருந்த இடம் அது. ஆனால் நாய்களை யாரும் தடுத்ததாகத் தெரியவில்லை. புலவர் அங்கே நாய்க்கு இட்ட பெயர் ஞமலி. அது பூழி நாட்டு வழக்கு என்பார்கள் உரையாசிரியர்கள். மேற்குக் கரைச் சொல் கிழக்குக் கரைத் துறைமுகம் வரை வந்துவிட்டது. அந்தக் காலத்தில் சொல்லுக்கும் சங்கிலி இல்லை.

இதற்குப் பல நூற்றாண்டு கழித்து, பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இன்னொரு நாயைக் காட்டுகிறார். நந்தனார் பிறந்த ஆதனூர், கொள்ளிடக் கரை. அந்தச் சேரியின் முற்றத்தில் கோழிக் குஞ்சுகள் சுற்றித் திரிகின்றன. நாய்க்குட்டிகள் துள்ளுகின்றன. கையில் இரும்பு வளை போட்ட சிறுவர்கள் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். குட்டி மெல்லக் குரைக்கிறது. பையன் அரையில் கட்டிய இரும்பு மணிச் சத்தத்தில் அந்தக் குரைப்பு அமுங்கிப் போகிறது. அரசாங்க மந்திரி என்று சொல்லப்படும் ஒருவர் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான். மணி பையனின் இடுப்பில் இருக்கிறது. நாயின் கழுத்தில் இல்லை என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

டெல்டாவில் வேட்டைக் காடு கிடையாது. இங்கே நாய்க்கு இருந்த உத்தியோகம் வயலைச் சேர்ந்தது. விடியற்காலையில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடை பார்க்கப் போகிறவனுக்கு முன்னால் வரப்பில் நாய் ஓடும். பாம்பு கிடந்தால் நின்று உறுமும். அறுப்புக் காலத்தில் களத்து மேட்டில் பட்டறைக்குப் பக்கத்தில் படுத்திருக்கும். பெருச்சாளி வளையைத் தோண்டும். கூழோ பழையதோ மிஞ்சினால் அதன் பங்கு. குறுவை, சம்பா, தாளடி என்று போகம் மாறும்போது அதன் நடையும் மாறும். அந்த நாய்க்குத் தேகப்பயிற்சி வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் ஊரே சிரித்திருக்கும்.

ராஜாக்களின் நாய் வேறு ஜாதி. கல்யாணியிலிருந்து ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதிவைத்த மானசோல்லாசம், அரசர்களுக்குரிய பொழுதுபோக்குகளில் நாய் விநோதத்தையும் ஒன்றாகச் சேர்த்து விவரிக்கிறது. தஞ்சாவூரிலோ குதிரைக்கும் யானைக்கும்தான் மவுசு. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரத்தையும், பாலகாப்பியர் பெயரால் வழங்கும் கஜ சாஸ்திரத்தையும் சரஸ்வதி மகால் நூலகம் அச்சிட்டு வெளியிட்டிருக்கிறது. 1798 முதல் 1832 வரை சிம்மாசனத்தில் இருந்த இரண்டாம் சரபோஜியை 1826ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் பிஷப் ஹீபர் வந்து பார்த்தார். மேல்நாட்டுச் சாஸ்திர நூல்களைச் சரளமாகப் பேசிய அந்த மகாராஜாவை, குதிரையின் குணம் தெரிந்தவர், புலிக்கு முன்னால் கை நடுங்காமல் சுடுகிறவர் என்று இங்கிலீஷ் அதிகாரிகள் மதித்ததாக அவர் எழுதிவைத்தார். குதிரையைத் தெரிந்தவருக்குப் புகழ் வந்தது. அந்தக் குதிரைக்குக் கொள்ளு வைத்து உடம்பு தேய்த்தவனின் பெயரை ஹீபர் கேட்டிருக்க நியாயம் இல்லை.

நாயைப் பிடித்துக்கொண்டு நடப்பதையே தொழிலாகக் கொண்டவன் புத்தகத்தில் வந்து சேர்ந்த கதையில் எங்கள் தஞ்சாவூருக்கும் ஒரு பங்கு உண்டு. இங்கே ஜில்லா ஜட்ஜாக இருந்த ஆர்தர் கோக் பர்னெல், அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்து 1880இல் வெளியிட்டவர். கோர்ட்டு நேரம் போக மீதி நேரத்தில், இந்தியாவிலுள்ள வெள்ளைக்காரர்களின் பேச்சில் கலந்துபோன சுதேசிச் சொற்களையெல்லாம் சேகரித்தார். அவர் 1882இல் காலமான பிறகு, கர்னல் ஹென்றி யூல் அந்த வேலையை முடித்து 1886இல் ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்ற பெரிய அகராதியாகக் கொண்டுவந்தார். அதில் ‘டோரியா’ என்று ஒரு சொல் இருக்கிறது. டோர் என்றால் ஹிந்துஸ்தானியில் கயிறு. டோரியா என்றால் கயிற்றைப் பிடித்தவன், அதாவது நாய்க்காரன். அதற்கு அகராதி காட்டும் உதாரணம் 1781ஆம் வருஷத்துப் பத்திரிகை விளம்பரம். ஒரு காப்டனுடைய சாமான் படகிலிருந்து நாய் களவு போய்விட்டது. அதைக் கல்கத்தாவுக்கு ஓட்டிக்கொண்டு வந்த நாய்க்காரனே கொண்டுபோனான் என்று புகார். இந்தத் தொழிலாளி அகராதியில் நமக்கு அறிமுகமாவது திருடன் என்ற பட்டத்தோடுதான்.

துரைமார் பங்களாக்களில் பட்லர், ஆயா, தோட்டக்காரன், குதிரைக்காரன் வரிசையில் நாய்ப் பையனும் இருந்தான். ஈ.எச்.ஏ. என்ற பெயரில் எழுதிய எய்ட்கென் 1889இல் வெளியிட்ட ‘பங்களாவின் பின்புறம்’ என்ற வேடிக்கைப் புத்தகத்தில் அவனுக்கென்று ஒரு தனி அத்தியாயமே உண்டு. சீமையிலிருந்து கப்பலில் வந்த நாய்க்கு இந்த ஊர் வெயில் ஆகாது. உண்ணி பொறுக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், வெயில் தாழ்ந்த பிறகு நடத்திக்கொண்டு போக வேண்டும். இத்தனையும் ஒரு சிறுவனின் தலையில். கொள்ளிடக் கரையில் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய பையனின் பேரன்மார்தான் இப்படிக் கையில் கயிறோடு நின்றார்கள் என்று நினைத்தால், நடுவே எதையோ இழந்துவிட்டோம் என்று படுகிறது.

சங்கிலி நம்முடைய வீடுகளுக்கும் வந்ததற்குப் பயமும் ஒரு காரணம். வெறிநாய்க்கடியைப் போலக் கொடிய சாவு வேறில்லை. நோயின் குணம் தெரிந்துவிட்டால் பிழைப்பு அநேகமாக இல்லை. 1885இல் பாரிசில் பாஸ்டர் கண்ட தடுப்பு மருந்து தென்னிந்தியாவுக்கு எட்டியது 1907இல், குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தபோது. ஓர் ஆங்கிலப் பெண்மணி அதற்கு ஐந்து வருஷங்களுக்கு முன் இந்த நோய்க்குப் பலியானதுதான் அந்த நிலையம் எழக் காரணம். கடிபட்டவர்கள் ரயிலேறி மலைக்குப் போனார்கள். பின்னால் ஜில்லா ஆஸ்பத்திரிகளிலேயே வயிற்றைச் சுற்றி ஊசி போட்டார்கள். அந்தப் பழைய மருந்து 2004ஆம் வருஷக் கடைசியில்தான் நம் நாட்டில் கைவிடப்பட்டது. இதற்கிடையில், பட்டணங்களில் கழுத்துப் பட்டை இல்லாத நாயை வண்டியில் பிடித்துக்கொண்டு போய்க் கொன்றார்கள். சென்னையில் 1996 வரை இது நடந்தது. ஆகவே சங்கிலி ஒரு வகையில் நாயின் உயிரைக் காத்தது. காத்த கையோடு காலைக் கட்டிவிட்டது.

கட்டிய காலுக்காகப் பேச ஒரு சட்டம் வந்தது. மாநிலங்கள் அவை அங்கத்தினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் பிராணிகளுக்காக ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். சர்க்காரே சட்டம் செய்யும் என்று பிரதமர் நேரு வாக்களிக்கவே அதை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த வாக்கு 1960இல் பிராணிவதைத் தடுப்புச் சட்டமாக நிறைவேறியது. அதன் பதினோராவது பிரிவில் ஒரு வாசகம் இருக்கிறது: எந்நேரமும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் கொடுக்காமலோ, பிறரைக் கொண்டு கொடுக்கச் செய்யாமலோ இருக்கும் சொந்தக்காரன் குற்றவாளி. மிகக் குட்டையான, மிகக் கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டுவதும் அதே பிரிவில் குற்றம். முதல் தடவைக்குச் சட்டம் விதித்த அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. தொகையைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் ‘பிறரைக் கொண்டு’ என்ற அந்தச் சொற்களில்தான் நாய்க்காரன் சட்டப் புத்தகத்துக்குள் நுழைகிறான். விளம்பரத்தில் திருடனாக வந்தவன் இங்கே தர்மத்தின் கருவியாக வருகிறான்.

அப்படிப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கத்து வீடுகளில் நாலைந்து நாய்களை முறை வைத்து நடத்துகிறவர். விடிவதற்கு முன்னால் ஒரு சுற்று, இருட்டின பிறகு ஒரு சுற்று. கல்லணைக் கால்வாயை, அதுதான் புது ஆற்றை, ஒட்டிய மண் பாதையாகப் பார்த்து நடப்பார். சித்திரை வைகாசியில் நேரம் தவறிப் போனால், தார் ரோட்டில் தம் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார். தம் கால் பொறுத்தால்தான் நாயின் காலை அதில் வைக்க விடுவார். கழுத்துப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். கயிற்றைக் கையில் பிடிப்பாரே தவிர மணிக்கட்டில் சுற்றிக்கொள்ள மாட்டார். வயிறு நிறையத் தின்ற நாயை உடனே ஓட்ட மாட்டார். மூக்குச் சப்பையான சீமை நாய்க்கு மூச்சு இரைத்தால் அங்கேயே நிழலில் உட்கார்ந்துவிடுவார். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும் என்பது அவருக்குப் படித்து வந்த ஞானம் அல்ல.

வயல் பக்கம் போனால் தேங்கின தண்ணீரில் நாய் வாய் வைக்க விடமாட்டார். எலி மூத்திரம் கலந்த நீரால் வரும் எலிக்காய்ச்சல் நாயையும் வாட்டும், மனிதனையும் வாட்டும். அறுப்புக்கு முன் எலிக்கு மருந்து வைத்த வரப்பு எது என்று விசாரித்துக்கொண்டுதான் அடி எடுத்து வைப்பார். திரும்பி வந்ததும் விரல் இடுக்கைப் பிரித்து, காதை மடக்கி உண்ணி பார்ப்பார். ஐப்பசி கார்த்திகை மழையில் விரல் இடுக்கை ஈரம் போகத் துடைப்பார். நாயின் மலத்தைப் பார்த்தே, “இன்னிக்கு இது சரியில்லே, டாக்டர்கிட்டே காட்டிடுங்க” என்று வீட்டாரிடம் சொல்லிவிடுவார்.

ஒரு நாள் ஒவ்வொரு கம்பத்தடியிலும் நாய் நின்று மோந்துகொண்டிருந்தது. “இப்படி நின்றுகொண்டே இருந்தால் எப்போது நடப்பது?” என்று கேட்டேன்.

“அது நடக்கவா சார் வருது? நாம காலையிலே டீக்கடைப் பெஞ்சுக்குப் போறோம். டீக்காகவா போறோம்? ஊர்ச் சேதிக்குத்தானே போறோம். அதுக்கு இதான் சார் பெஞ்சு. இழுத்துக்கிட்டுப் போனா நாலு மைல் நடந்தாலும் அதுக்கு ஆறாது. நின்னு மோந்துக்க விட்டா நாலு தெருவே போதும்.”

கால்நடை வைத்தியம் கற்பிக்க ஒரத்தநாட்டில் 2012இல் கல்லூரியே வந்துவிட்டது. அங்கே இதையெல்லாம் சாஸ்திர முறையில் சொல்லிக் கொடுப்பார்கள். இவருக்குச் சொல்லிக் கொடுத்தவை நாய்கள்தாம். ஆனால் அவர் கூட்டிப்போகும் நாய்களில் ஒன்று குளிர்சாதன அறையில் தூங்குகிறது. அவர் கேட்டுக்கு வெளியே நின்று மணியடிக்கிறார். நாய் உள்ளேயிருந்து வருகிறது, நாய் உள்ளே போகிறது. அவர் அந்த வாசற்படியைத் தாண்டி நான் பார்த்ததில்லை. காரணம் கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. இந்த ஜில்லாவில் பிறந்தவர்களுக்கு அது தெரியும்.

திருவண்ணாமலைச் சீமையில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் கிடைத்திருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், ஏழாம் நூற்றாண்டில் நட்டது. எருமை மந்தையைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக எழுப்பிய கல். கல்லில் அவன் வில்லோடு நிற்கிறான். அவன் பின்னால் ஒரு நாயும் நிற்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் அதில் பொறித்திருக்கிறார்கள். ஆளின் பெயரையும் நாயின் பெயரையும் ஒரே கல்லில் வெட்டிய ஊர் அது. யார் எஜமானன், யார் வேலைக்காரன் என்று அந்தச் சிற்பி தனித்தனிக் கல் தேடவில்லை. நாய்களின் பெயரை விதவிதமாக வைக்கத் தெரிந்த நாம், அவற்றை நடத்திக்கொண்டு போகிறவரின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதற்கு அபராதம் விதித்து ஒரு சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டாம்.