பாழ்மனை அச்சம்: மெய்ப்பாட்டியல் நோக்கில் சில பழைய திரைப்படங்கள்

கார்த்திகைத் திங்களின் அடைமழை நாளொன்றில், அடையாற்றங்கரை ஊராகிய அனகாபுத்தூரில் தங்க நேர்ந்தது. நெசவுத் தொழிலாற் பெயர்பெற்ற அவ்வூரில் மழைக்காலத்தே தறிகள் ஓய்வு கொள்ளுதல் உண்டு. பாவு உலர வெயில் வேண்டுமாதலின். அவ்வோய்வில் சிலர் கூடி, 'நெஞ்சம் மறப்பதில்லை' என்னும் பழைய படத்தைத் தொலைக்காட்சியிற் கண்டோம். முடிவில் முதிய நெசவாளர் ஒருவர், "பேய்ப்படம் என்றீர்கள்; பேய் வரவில்லையே! ஜமீன்தார் அல்லவா வந்தார்?" என்று வினவினார். அவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் நிலைக்களன் நான்கு என்பர். அவை அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன. பேய் முதலிய வருத்தும் ஆற்றல்கள் அணங்கின்பாற்படும். அரசர் முதலாக ஆள்வோர் இறையின்பாற்படுவர். பேயச்சமும் ஆள்வோரச்சமும் ஒரே நிரலில் நிற்றல் நோக்கத்தக்கது. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் பசிதீரக் கூழட்டு உண்பதும் மன்னன் படை வென்ற களத்திலேயாம். அணங்கு இறையைச் சார்ந்து வாழ்தல் பழைய இலக்கிய மரபு என்பது இதனாற் புலனாம்.

ஸ்ரீதர் இயக்கத்தில் 1963ஆம் ஆண்டு வெளிவந்தது 'நெஞ்சம் மறப்பதில்லை'. நண்பனது ஊருக்குச் செல்லும் இளைஞன் ஒருவன் ஆங்குள்ள பாழடைந்த மாளிகையுட் புகுகின்றான், குரல்கள் கேட்கின்றன, முற்பிறப்பு நினைவுக்கு வருகின்றது. அப்பிறப்பில் அவன் ஜமீன்தார் மகன்; எளிய குடிப்பெண்ணொருத்தியைக் காதலித்தவன். அக்காதலுக்குக் கூற்றாய் நின்ற தந்தை நூறாண்டு கடந்தும் உயிரோடிருந்து மீண்டும் கொல்ல முனைகின்றார். நம்பியார் ஏற்ற அவ்வேடமே படத்தின் அச்சத்துக்கு உயிர்நாடி.

இதன் வரலாற்றுப் பின்புலம் இன்றியமையாதது. சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது 1948ஆம் ஆண்டிலாகும். படம் வெளிவந்தபோது அச்சட்டத்துக்கு அகவை பதினைந்தே. முறைமை ஒழிந்தது, அதன்கீழ் வாழ்ந்தோர் நினைவு ஒழியவில்லை. மாளிகை பாழாகியும் அதன் தலைவர் இறவாதிருத்தல், அந்நினைவின் உருவகம் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

ஏனைய படங்களும் இதற்கு அரண் செய்கின்றன. கே. ராம்நாத் இயக்கிய 'மர்மயோகி' (1951), பேய்க்காட்சிகள் பற்றி, வயது வந்தோர்க்கு மட்டும் உரியது என்னும் தணிக்கைச் சான்று பெற்றது. ஆயினும் அப்பேய் மெய்ப்பேயன்று; இறந்ததாகக் கருதப்பட்ட அரசனே அவ்வாறு தோன்றுகின்றான். 'யார் நீ?' (1966) படத்திலோ பேயுருவம் சொத்தைக் கவரும் சூழ்ச்சியாகும். எனவே முன்னதில் அணங்கின் வடிவில் வந்தது இறை. பின்னதில் வந்தது கள்வர்.

இக்கருத்துக்கு ஒரு தடை எழலாம். 'நெஞ்சம் மறப்பதில்லை' மறுபிறப்பை மெய்யெனவே கொள்கின்றது. ஆகலின் அதனைப் பகுத்தறிவுப் படம் எனல் இயலாது. உண்மையே. எனினும் ஈண்டு ஆராயப்படுவது நம்பிக்கையன்று, அச்சத்தின் நிலைக்களனே. அப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்த வின்சென்ட், 1964இல் பஷீர் கதையைக் கொண்டு 'பார்கவி நிலையம்' என்னும் மலையாளப் படத்தை இயக்கினார். ஆங்கு ஆவி மெய்யாகவே உறைகின்றது. ஆயினும் அது இரங்கத்தக்கதேயன்றி அஞ்சத்தக்கதன்று. அஞ்சத்தக்கவன் உயிரோடிருக்கும் கொலைஞனே.

'மணிச்சித்திரத்தாழ்' (1993) வழிவந்த 'சந்திரமுகி' (2005) வரை இம்மரபு நீள்கின்றது. பூட்டிய அறையில் நடனமங்கையின் பெயர் நின்றாலும், அவளைத் தீக்கிரையாக்கியவன் வேட்டையன் என்னும் மன்னனே. பேயென நாம் அஞ்சுவது பெரும்பாலும் கொலையுண்டவரை. அஞ்சியிருக்க வேண்டியதோ கொன்றவரை.

இலக்கண நூலார் நால்வகையாகப் பிரித்ததை, மழைக்குத் தறி நிறுத்தியிருந்த முதியவர் ஒரே வினாவில் பிரித்துக் காட்டினார். திரைப்படத்தை ஆய்வுக்குரிய சான்றாகக் கொள்ளத் தயங்கும் மாணவர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.