பித்தநாளத்தில் எஞ்சிய கல்

1922-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 69 வயது முதியவர் ஒருவர் அறுவை மேசையில் கிடத்தப்பட்டார். அவர் சாதாரண நோயாளியல்லர். அந்த மருத்துவமனையின் அறுவைத் துறைத் தலைவர். அறுவையின்போது ரப்பர் கையுறை அணியும் வழக்கத்தைப் புகுத்தியவர். வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டெட். அவரிடம் பயின்றவர்களே அன்று கத்தியைக் கையில் எடுத்தார்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், 1919-இல், கற்கள் நிறைந்த அவருடைய பித்தப்பை அதே மருத்துவமனையில் அகற்றப்பட்டிருந்தது. பை போயிற்று, நோய் திரும்பி வந்தது. வயிற்றைத் திறந்து பார்த்தபோது பித்தநாளத்தில் ஒரு கல் கிடந்தது. கல்லை எடுத்துவிட்டார்கள். ஆயினும் அறுவைக்குப் பின் தோன்றிய சிக்கல்களிலிருந்து அவர் மீளவில்லை. செப்டம்பர் 7-ஆம் நாள் காலமானார்.

பித்தப்பையையே எடுத்த பிறகு கல் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். ஓடும் வாய்க்காலின் ஓரத்தில் ஒரு சிறு குட்டை வெட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கல்லீரல் நாள்தோறும் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அது குடலுக்குச் செல்லும் வாய்க்கால்தான் பொதுப் பித்தநாளம். ஓரத்துக் குட்டை, பித்தப்பை. குட்டையில் தேங்கும் நீர் கெட்டியாகிறது. கொலஸ்டிரால் படிந்து கல்லாகிறது. அக்கல் சில வேளைகளில் நழுவி வாய்க்காலுக்குள் வந்துவிடும். வாய்க்காலின் அகலம் சுமார் 6 மில்லிமீட்டர்தான். குடலில் அது திறக்கும் வாயோ அதைவிடக் குறுகலானது. சுருங்கி விரியும் தசை வளையம் ஒன்று அதைக் காக்கிறது. கல் அங்கே சிக்கினால் பித்தநீர் பின்வாங்கிக் கண்ணும் தோலும் மஞ்சளாகும். கிருமி புகுந்து குளிர்காய்ச்சல் வரும். அதே வாயில் வந்து சேரும் கணைய நாளமும் அடைபட்டால் கணையம் அழலும். பித்தப்பை அறுவைக்கு வருவோரில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேருக்கு நாளத்திலும் கல் இருக்கிறது. குட்டையைத் தூர்த்துவிட்டு வாய்க்காலைப் பார்க்காமல் விட்டால் என்னாகும்?

பித்தப்பையை முதன்முதல் முழுமையாக அகற்றியவர் ஜெர்மானியரான கார்ல் லாங்கன்புக். 1882 ஜூலை 15-ஆம் நாள், பெர்லினின் லாசரஸ் மருத்துவமனையில், 16 ஆண்டுகள் வலியால் துடித்த 43 வயதுக்காரருக்கு அதைச் செய்தார். அதுவரை பையைக் கீறிக் கல்லை மட்டும் எடுத்து வந்தார்கள். கல்லை உண்டாக்குவதே பைதான், அதை ஏன் விட்டுவைக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். யானைக்கும் குதிரைக்கும் பித்தப்பை கிடையாது என்பதையும் சான்றாகக் காட்டினார். அதே 1882-இல், இளைஞரான ஹால்ஸ்டெட் ஆல்பனி நகரில் ஒரு வீட்டுச் சமையலறை மேசையின்மேல், பின்னிரவில், தம் தாயின் பித்தப்பையைத் திறந்து 7 கற்களை எடுத்தார். தாய் பிழைத்தார். நாற்பது ஆண்டு கழித்து அதே நோய் மகனைக் கொண்டுபோயிற்று.

நாளத்தைத் திறக்கும் துணிவு 1889-90-இல் வந்தது. லண்டனில் தார்ன்டன், நியூயார்க்கில் ஆப், பேசலில் கூர்வாசியே ஆகியோர் சில மாத இடைவெளிகளில் அதைச் செய்தார்கள். ஆனால் யாருக்குத் திறப்பது? விரலால் தடவிப் பார்ப்பதும், சலாகையை உள்ளே விட்டுத் துழாவுவதுமே வழி. இல்லாத கல்லைத் தேடி நாளத்தைக் கீறியதும் உண்டு; இருந்த கல்லைத் தவறவிட்டுத் தைத்து மூடியதும் உண்டு. ஹால்ஸ்டெட்டின் நாளத்தில் இருந்தது 1919-இல் விட்டுப்போன கல்லா, பிறகு விளைந்த கல்லா? உள்ளே பார்க்க வழியில்லாத காலத்தில் அதை யார் சொல்ல முடியும்?

அந்த வழியைக் கண்டவர் அர்ஜென்டினாவின் கோர்டோபா நகர அறுவை மருத்துவர் பாப்லோ மிரிசி. 1931-இல், நோயாளி மேசையில் இருக்கும்போதே, லிப்பியோடால் என்னும் அயோடின் கலந்த கசகசா எண்ணெயைப் பித்தநாளத்தில் செலுத்தி எக்ஸ்ரே படம் எடுத்தார். எண்ணெய் ஓடிய நாளம் படத்தில் வெண்மையாகத் தெரியும். கல் இருந்தால் அங்கே ஒரு வெற்றிடம் விழும். எளிய யோசனைதான். ஆனால் வயிற்றை மூடுவதற்கு முன்பே விடை கிடைத்தது! பித்தநாள அறுவையின் வரலாற்றில் இதற்கு இணையாக நான் கருதுவது இன்னும் ஒன்றே ஒன்று.

அது 1974-இல் நடந்தது. ஜெர்மனியின் எர்லாங்கனில் கிளாசன், டெம்லிங் இருவரும், ஜப்பானின் கியோட்டோவில் கவாயும் தனித்தனியே அதைச் சாதித்தார்கள். வாய்வழியாக உள்நோக்குக் குழாயைச் சிறுகுடலின் தொடக்கம் வரை செலுத்தி, நாளத்தின் வாயிலுள்ள தசை வளையத்தை மின்சூடேறிய கம்பியால் சிறிது வெட்டி விரித்தார்கள். வயிற்றில் கத்தி படாமலே கல்லை வெளியேற்ற வழி பிறந்தது. விட்டுப்போன கல்லுக்காக வயிற்றை மறுபடி கீற வேண்டிய தேவை பெரிதும் குறைந்தது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1985-இல் ஜெர்மனியின் எரிக் மூஹே சிறு துளைகள் வழியே பித்தப்பையை எடுத்துக் காட்டினார். 1987-இல் பிரான்சின் லியோன் நகரில் மூரே தொலைக்காட்சித் திரையைப் பார்த்தபடியே அதைச் செய்தார். சில ஆண்டுகளில் லேப்ராஸ்கோப்பி முறை உலகெங்கும் பரவிற்று. நோயாளி ஓரிரு நாளில் வீடு திரும்பினார். ஆனால் நாளத்தைத் தடவிப் பார்த்த விரல் போய்விட்டது! பழைய கேள்வி புதிதாக எழுந்தது.

இன்று ஒலியலைப் படமும், இரத்தப் பரிசோதனையும், தேவையானால் காந்தப் படமும் அறுவைக்கு முன்பே துப்புத் தருகின்றன. நாளத்தில் கல் இருந்தால் இரண்டு பாதைகள். உள்நோக்குக் குழாயால் கல்லை எடுத்துவிட்டு இன்னொரு நாள் பையை அகற்றலாம். அல்லது துளை அறுவையின்போதே மிரிசியின் வழியில் படமெடுத்து, மெல்லிய கூடைக்கம்பியை நாளத்தில் விட்டுக் கல்லைப் பிடித்து, ஒரே அமர்வில் வேலையை முடிக்கலாம். கல்லை நீக்குவதில் இரண்டும் ஏறத்தாழச் சமமே. முதல் பாதையில் சிலருக்குக் கணைய அழற்சி வருகிறது; இரண்டாவதற்குத் தேர்ந்த கையும் தக்க கருவிகளும் வேண்டும். இரண்டும் உள்ள இடத்தில் ஒரே அமர்வே மேல் என்பது என் எண்ணம். எல்லா ஊரிலும் அவை இருப்பதில்லை.

உங்கள் வீட்டில் பித்தப்பை எடுத்தவர் எவரேனும் இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, மேல்வயிற்று வலியோடு கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால், உடல் நடுங்கிக் காய்ச்சல் வந்தால், பைதான் இல்லையே என்று கைமருந்தோடு காத்திருக்க வேண்டாம்; அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பித்தப்பை அகற்றப்பட்டது எப்போது என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.